கூச்சலில் ஒரு குசுகுசு

இந்த வாரம் கொஞ்சம் கணக்கு. 'ஐயையோ' என்று பக்கத்தைப் புரட்டி ஜோக்குக்கு ஓடிவிடாதீர்கள். ப்ளஸ் டூவில் மேட்ரிக்ஸ் என்று ஒரு சமாசாரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்டம் கட்டமாக எண்களை எழுதி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, 'பெருக்கு' என்பார்கள். எதற்காகப் பெருக்குகிறோம் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த மேட்ரிக்ஸ் இப்போது உங்கள் பணத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறது. குறிப்பாக, ஷேர் மார்க்கெட்டில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் பணத்தை.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை நேர லோக்கலில் ஏறிப் பாருங்கள். ஒரு காலத்தில் சீட்டாடுவார்கள், பஜனை பாடுவார்கள். இப்போது ஆளுக்கொரு செல்போனில் பச்சையும் சிவப்புமாக ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். குரோம்பேட்டையில் ஒரு டிப்ஸ், பல்லாவரத்தில் அதற்கு மறுப்பு, மீனம்பாக்கத்தில் வாக்குவாதம், கிண்டியில் எல்லோரும் இறங்கி ஆபீசுக்கு.

அப்படிப் பழக்கமானவர்தான் ஒரு செலையூர் இளைஞர். ஏதோ ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். எக்ஸலில் கில்லாடி.

"சார், ஒரு வருஷ டேட்டாவை எடுத்து எக்ஸல்ல போட்டேன். இருநூத்தி ஒரு ஷேர். எல்லாத்தையும் ஜோடி ஜோடியா ஒப்பிட்டுப் பாத்தேன். அதுல ஒரு ஜோடி மட்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி போகுது சார். எரநூத்தம்பது நாள்ல நூத்தம்பத்தஞ்சு நாள் ரெண்டும் ஒரே பக்கம்!"

"என்ன கம்பெனிங்க?"

"ஒண்ணு சிமென்ட். இன்னொண்ணு தலைவலித் தைலம்."

"சிமென்ட் மூட்டை தூக்கினா தலை வலிக்கும். தைலம் தடவுவாங்க" என்றேன்.

"அதேதான் சார் நானும் நெனச்சேன்!" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கையில் மூன்று லட்சம் வைத்திருந்தார். தங்கை கல்யாணத்துக்காகச் சேர்த்தது. ஆவணிக்குள் அதை ஆறு லட்சமாக்கிவிட வேண்டும் என்பது திட்டம். வேடிக்கை பேசிவிட்டு இறங்கிப் போகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாத 201 பேரை உட்கார வைத்து, தினம் ஒரு தடவை காசு சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் 'ஏற்றம்', பூ விழுந்தால் 'இறக்கம்'. 250 நாள் இதே வேலை. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் சராசரியாக 125 நாள் ஒத்துப்போவார்கள். ஆனால் 201 பேருக்குள் எத்தனை ஜோடி? 20,100. இத்தனை ஜோடியில் மிக நன்றாக ஒத்துப்போகிற ஜோடியைத் தேடி எடுத்தால், அந்த இரண்டு பேரும் ஏறக்குறைய 155 நாள் ஒத்துப்போயிருப்பார்கள். சிநேகம் கிடையாது, சதி கிடையாது, தைலமும் கிடையாது. 20,100 பேர் லாட்டரி வாங்கினால் எவனோ ஒருத்தனுக்கு விழத்தானே செய்யும்?

"அப்ப பேட்டர்னே கெடையாதுங்கறீங்களா?" என்று நண்பர் கோபித்துக்கொண்டார்.

அப்படிச் சொல்லவில்லை. நிஜமான ரகசியங்களும் உண்டு. நிஜத்தையும் பொய்யையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தேடியவர்கள் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று போய்த் தரமணியில் இறங்கினால் கணித அறிவியல் கழகம். 'மேட்சயின்ஸ்' என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மைதானத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

* * *

ஒரு பெரிய மைதானம். 201 பேர் நின்று கத்துகிறார்கள். ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஏதோ கத்தினால் அது வெறும் கூச்சல். அதில் பத்துப் பேர் மட்டும் மெதுவாக ஒரே கோஷத்தைச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். கூச்சலில் அந்தக் கோஷம் கேட்குமா?

பங்குச் சந்தையில் இந்தக் கேள்விக்கு மேட்ரிக்ஸ்தான் காது. 201 வரிசை, 201 பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் பங்கும் அந்தப் பங்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண். சுத்த அந்நியர் என்றால் 0, அச்சு அசல் இரட்டையர் என்றால் 1. இந்த மேட்ரிக்ஸிலிருந்து 'ஐகன் மதிப்பு' என்று 201 எண்களைப் பிழிந்தெடுக்கலாம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஐகன் மதிப்பும் ஒரு கோஷத்தின் பலம். எல்லோரும் தனித்தனி என்றால் எல்லாக் கோஷத்துக்கும் பலம் 1. அத்தனை பேரும் ஒரே குரல் என்றால் ஒரு கோஷத்துக்கு 201, மற்றவைக்கு பூஜ்யம். எப்படிப் போட்டாலும் கூட்டினால் 201தான் வரும்.

சிக்கல் எங்கே என்றால், காசு சுண்டுகிற அந்நியர்களை எடுத்துக்கொண்டால்கூட எல்லாம் சரியாக 1 என்று வராது. தற்செயலாகச் சிலது கூடும், சிலது குறையும். எவ்வளவு கூடும்? இந்த ரகக் கணக்குக்கு 1928-ல் விஷார்ட் என்பவர் பிள்ளையார் சுழி போட்டார். 1950-களில் யூஜின் விக்னர், யுரேனியம் மாதிரி கனமான அணுக்கருவுக்குள் நடக்கிற களேபரத்தைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு முடியாது என்று, குருட்டாம்போக்கில் எண்களை நிரப்பிய மேட்ரிக்ஸை வைத்துப் பார்த்தார். ஆச்சரியமாக, அந்தக் களேபரத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. இந்தத் துறைக்கே பாடப்புத்தகம் எழுதியவர் நம்ம ஊர்க்காரர், ராஜஸ்தானில் பிறந்து பிரான்சில் வேலை பார்த்த மதன்லால் மேத்தா. புத்தகம் வந்தது 1967-ல்.

அதே 1967-ல் சோவியத் யூனியனின் கார்க்கிவ் நகரத்தில் மார்ச்சென்கோ, பாஸ்தூர் என்று இரண்டு பேர் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். (பால் காய்ச்சிய பாஸ்டர் வேறு, இவர் வேறு.) வெறும் கூச்சல் எதுவரை போகும் என்பதற்கு அது ஒரு காம்பவுண்டு சுவர். 201 பங்கு, 2,607 நாள் என்றால் கூச்சலின் ஐகன் மதிப்புகள் 0.52-லிருந்து 1.63-க்குள் அடங்கிவிடும். சுவருக்கு வெளியே ஒன்று தலை நீட்டினால், 'சரி, இங்கே ஏதோ விஷயம் இருக்கிறது' என்று அர்த்தம்.

201, 2,607 என்ற எண்களை நான் சும்மா சொல்லவில்லை. தரமணிக்காரர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு அதுதான். ராஜ் குமார் பான், சிதாப்ர சின்ஹா இருவரும் தேசியப் பங்குச் சந்தையின் 201 பங்குகளை 1996-லிருந்து 2006 வரை தினசரி விலையோடு எடுத்து அலசி, 2007-ல் வெளியிட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? ஒரே ஒரு ஐகன் மதிப்பு மட்டும் சுவரைப்போல 28 மடங்குக்கு மேல் உயரமாக நின்றது. அது எந்தத் தனிக் கூட்டணியின் கோஷமும் இல்லை. மொத்தச் சந்தையும் சேர்ந்து போட்ட கோஷம். ஏறினால் எல்லாம் ஏறு, விழுந்தால் எல்லாம் விழு. அதைத் தவிர சுவருக்கு வெளியே நின்றவை கொஞ்சம்தான். நியூயார்க் சந்தையில் அப்படி வெளியே நிற்பவை அதிகம். அங்கே ஒரே தொழிலில் இருக்கும் கம்பெனிகள் தனித்தனிக் கோஷ்டியாகத் தெரிகின்றன. இங்கே சந்தையின் பொது ஆட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதுதான் ஐ.டி.க்காரர்களும் மருந்து கம்பெனிக்காரர்களும் தனிக் கோஷ்டியாக முகம் காட்டினார்கள்.

இதற்கு நம்ம லோக்கல் ரயிலே நல்ல உதாரணம். டிரைவர் பிரேக் போடுகிறார். பெட்டியில் இருக்கிற இருநூறு பேரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, 'அந்த நீலச் சட்டையும் இந்தக் கட்டம் போட்ட சட்டையும் சேர்ந்து சாயுது, ரெண்டு பேருக்கும் ஏதோ உள்ளூர ஒப்பந்தம்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிமென்டும் தைலமும் சேர்ந்து ஏறிய நாட்களில் பாதிக்கு மேல் அந்த பிரேக்கின் வேலையாகத்தான் இருக்கும்.

* * *

இதுவரை பொய்யான பேட்டர்ன் கதை. இனி நிஜமான பேட்டர்ன். அங்கேதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம் இருக்கிறது.

நம் மைதானத்தில் பத்துக் கம்பெனிகள் நிஜமாகவே ரகசியக் கூட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தரோடு ஒருத்தர் 0.09, அதாவது 9 சதவீத அளவுக்கு ஒத்துப்போகிறார்கள். மற்றவர்கள் அந்நியர்கள். இந்தக் கோஷத்தின் நிஜமான பலம் என்ன? தனக்கு ஒன்று, மற்ற ஒன்பது பேரிடமிருந்து தலைக்கு 0.09 வீதம் 0.81, ஆக 1.81.

2005-ல் ஜின்ஹோ பைக், ஜெரார் பென் அரூஸ், சான்ட்ரின் பெஷே என்ற மூன்று பேர் ஒரு தேற்றம் நிரூபித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதை விரிவாக்கினார்கள். சாரம் இதுதான்: நிஜமான பலம் ஒரு குறிப்பிட்ட வாசற்படியைத் தாண்டினால்தான் அந்தக் கோஷம் சுவருக்கு வெளியே வரும். தாண்டாவிட்டால் சுவருக்குள்ளேயே அமுங்கிவிடும். வாசற்படியைக் கணக்குப் போடுவது எளிது. பங்குகளின் எண்ணிக்கையை நாட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். 201 பங்கு, 2,607 நாளுக்கு 1.28 வரும். (அதை அதாலேயே பெருக்கினால் 1.63. அதுதான் சுவர்.)

நம் கூட்டணியின் பலம் 1.81. வாசற்படியைத் தாண்டியாகிவிட்டது. பத்து வருஷ டேட்டாவில் அது 1.98 என்று சுவருக்கு வெளியே வந்து நிற்கும். பிடித்துவிடலாம்.

ஆனால் நண்பர் வைத்திருந்தது ஒரு வருஷ டேட்டா. 250 நாள். அதே கணக்கைப் போடுங்கள். வாசற்படி 1.90. அதே பத்துக் கம்பெனி, அதே ரகசியம், அதே 1.81. இப்போது தெரியாது. கூட்டணி கலைந்துவிடவில்லை. அப்படியே இருக்கிறது. ஆனால் கூச்சல் அதை விழுங்கிவிட்டது. ஒத்துப்போவது 2 சதவீதம்தான் என்றால் அதைப் பிடிக்க 6,200 நாளுக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய 25 வருஷம்! அதற்குள் பத்துக் கம்பெனிகளில் நாலு கைமாறியிருக்கும், இரண்டு மூடியிருக்கும், நம்மவருக்குப் பேரன் பிறந்திருப்பான்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. வாசற்படிக்குக் கீழே இருக்கும்போது கம்ப்யூட்டர் 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்லாது. மிகப் பெரிய ஐகன் மதிப்பு எது என்று கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லும். அதில் யார் யார் என்று கேட்டால் பத்துப் பெயரைக் கம்பீரமாக எடுத்துக் கொடுக்கும். நிஜமான கூட்டணிக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் ஏறக்குறைய எந்தச் சம்பந்தமும் இருக்காது. கிளி ஜோசியத்தில் சீட்டு எடுக்கிற மாதிரிதான். கிளி என்றைக்காவது 'உனக்குச் சீட்டு இல்லை' என்று சொல்லியிருக்கிறதா?

* * *

'டேட்டா போதவில்லை, அவ்வளவுதானே? நிறையக் கொடுத்தால் சரியாகிவிடும்' என்று ஐ.டி.யில் இருக்கிற வாசகர்கள் சொல்லக்கூடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

தாம்பரம் லைனில் தினம் போகிற பத்தாயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு பேரும் பழக்கமா இல்லையா என்பது காசு சுண்டிப் போட்ட மாதிரி பாதிக்குப் பாதி என்று வைப்போம். அப்படியானால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கோஷ்டி தற்செயலாக எவ்வளவு பெரிதாக இருக்கும்? இருபது, இருபத்தொரு பேர். அதற்கு மேல் போகாது. இப்போது நாற்பது பேர் கொண்ட கோஷ்டி ஒன்றைத் திட்டமிட்டு உள்ளே ஒளித்து வைக்கிறோம். தற்செயலாக வந்தது என்று சொல்லவே முடியாது. கோஷ்டி இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, டேட்டா முழுசும் கையில் இருக்கிறது. கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!

பத்தாயிரத்திலிருந்து நாற்பது நாற்பதாகப் பொறுக்கிச் சோதித்தால் ஒன்றுக்குப் பின்னால் 112 பூஜ்யம் போட்ட அளவுக்கு வேலை. இதைவிடச் சமர்த்தான வழிகளும் உண்டு.  1998-ல் நோகா அலோன், க்ரிவலேவிச், சுடகோவ் மூவரும் அதே ஐகன் வித்தையை வைத்து ஒரு வேகமான வழி சொன்னார்கள். ஆனால் கோஷ்டி பத்தாயிரத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் நூறு பேர் அளவுக்கு இருந்தால்தான் அது பலிக்கும். இருபதுக்கும் நூறுக்கும் நடுவில் இருக்கிற கோஷ்டி 'இருக்கிறது, ஆனால் அகப்படாது' என்ற திரிசங்கு சொர்க்கத்தில் இருக்கிறது. அதைச் சீக்கிரமாகப் பிடிக்கும் வழியை இன்று வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒரு வழியே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பையன் இருந்தால் சொல்லி வையுங்கள்.

* * *

செலையூர் நண்பருக்கு நான் சொன்னது மூன்றே விஷயம்.

ஒன்று, எத்தனை பங்கைப் பார்த்தாய், எத்தனை நாள் பார்த்தாய்? வகுத்துக்கொள். பார்த்தது அதிகம், நாள் கம்மி என்றால் வாசற்படி உன் தலைக்கு மேலே இருக்கிறது.

இரண்டு, காரணம் முதலில் வர வேண்டும், பேட்டர்ன் பிறகு. 20,100 ஜோடியையும் சலித்து ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு தைலத்துக்குக் கதை கட்டக் கூடாது. 'இந்த இரண்டு கம்பெனிக்கும் ஒரே மூலப்பொருள், அதனால் சேர்ந்து போக வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அந்த ஒரு ஜோடியை மட்டும் சோதித்தால், கொஞ்ச டேட்டாவிலேயே உண்மை தெரிந்துவிடும். எங்கே காதை வைக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் குசுகுசுப்பும் கேட்கும்.

மூன்று, குலுக்கிப் பார். அன்றன்றைக்குச் சந்தை மொத்தமும் ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிடு. பிறகு ஒவ்வொரு பங்குக்கும் தேதிகளைத் தனித்தனியாகச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடு. இப்போது யாருக்கும் யாரோடும் எந்த உறவும் இருக்க நியாயமில்லை. அந்தக் கலைத்துப் போட்ட டேட்டாவிலும் உன் பேட்டர்ன் மாதிரி ஒன்று கிடைத்தால், நீ பிடித்தது மீன் இல்லை, வெறும் பாசி.

நாலு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் வந்தார்.

"கொலுக்கினேன் சார். பிஸ்கட் கம்பெனியும் டயர் கம்பெனியும் நூத்தம்பத்திநாலு நாள் ஒண்ணா போகுது."

"பிஸ்கட்டும் டயரும் ரெண்டுமே ரவுண்டா இருக்கறதால இருக்குமோ?"

இந்தத் தடவை சிரித்தார். பணம் இப்போது பாங்கில் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

இந்தப் புத்திமதி அவருக்கு மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இவர்களில் எத்தனை பேர் கையில் ஒரு 'பேட்டர்ன்' இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே தைலம் தேவைப்படுகிறது.

தமிழில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணில் படவில்லை என்றாலும் 'தெரியலை', புத்திக்கு எட்டவில்லை என்றாலும் 'தெரியலை'. 'இல்லை' என்பது வேறு வார்த்தை. சுவருக்குள் அமுங்கிக் கிடக்கிற அந்தப் பத்துப் பேரைப் பற்றிச் சொல்லக்கூடிய நேர்மையான வார்த்தை 'தெரியலை' ஒன்றுதான். டிப்ஸ் விற்கிறவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வகுப்பில் 'தெரியலை சார்' என்று சொல்லிவிட்டு பெஞ்சு மேல் ஏறி நின்றவர்கள் இனிமேல் வருத்தப்பட வேண்டாம். 2005-ல் மூன்று பேர் அதையே தேற்றமாக நிரூபித்துப் பேர் வாங்கிவிட்டார்கள்.